ஆயிரம் புளியங்கொட்டை

ரஜப் பிறை 3, வியாழன்

மசூதுக்கு வாதம் அடித்துவிட்டது.

லுஹர் தொழுதுவிட்டு வந்து, சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். மசூதின் சீடன், ஆட்டோ ஓட்டுகிற அலியார் வாசலில் வந்து நின்றான். "மாமா, கலீபா அப்பா தைக்காவுல விழுந்துட்டாவ. வலது பக்கம் இழுத்துட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றான். குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு வர முடியாது என்றேன். வாஷர் பொருந்தவில்லை. கடைக்காரன் அளவு தவறிக் கொடுத்திருக்கிறான். சாயங்காலம் வரை அதோடு மல்லுக்கட்டினேன்.

இந்த நோட்டை எனக்குப் பின்னால் யாராவது எடுத்துப் படிக்கலாம். அவர்களுக்காக எழுதி வைக்கிறேன். மசூது என் தங்கை சொகராவின் புருஷன். பரோட்டாக் கடை வைத்திருந்தவன். எங்கள் ஷெய்கு மவுத்தாகும் முன் தன் ஜுப்பாவை அவனிடம் கொடுத்து, இந்த ஊரில் தன் சீடர்களான முரீதுகளுக்கெல்லாம் கலீபாவாக, தன் இடத்தில் இருந்து நடத்துகிறவனாக, ஆக்கிவிட்டுப் போனார். ஒரு கிதாபைத் திருத்தமாக வாசிக்கத் தெரியாதவன் வாரா வாரம் ஷெய்கின் மடமான தைக்காவில், விளக்கை அணைத்து ஆடியபடி அல்லாஹ்வின் பேரைச் சேர்ந்து ஓதும் திக்ரு நடத்தினான். நான் முப்பது வயதுக்கு மேல், ரைஸ் மில்லில் எஞ்சின் ஓட்டிக்கொண்டே, அலிஃபிலிருந்து தொடங்கி யாரும் சொல்லித் தராமல் அரபி படித்தவன். மசூதும் நானும் பேசி முப்பத்தொரு வருடம் ஆகிறது. காரணம் நியாயமானது.

போன வாரம் டாக்டர் என் இருதயம் கால்பங்குதான் வேலை செய்கிறது என்றார். சர்க்கரையும் இருப்பதால் இனிமேல் நோன்பு கூடாதாம். "எப்ப வேணும்னாலும்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எனக்குப் பயமில்லை. 'லா இலாஹ இல்லல்லாஹ்' என்ற கலிமாவை எழுபதாயிரம் தடவை ஓதி ஒருவர் பேரில் சேர்த்தால் அவருக்கு நரகத்திலிருந்து விடுதலை என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். புளியங்கொட்டையை வைத்து எண்ணி ஓதுவோம். வாப்பாவுக்கு ஒன்று, உம்மாவுக்கு ஒன்று, ஆறு வருடம் முன்பு போன என் மனைவி ரகுமத்துக்கு ஒன்று முடித்திருக்கிறேன். எனக்கென்று ஓதியது வேறு மாதிரி. திங்களும் வியாழனும் நோன்பு வைத்து, நோன்பு ஒன்றுக்கு நூறு. எழுநூறு நோன்பு. ஏழு வருடம் ஆனது. இந்த ஊரில் அப்படி ஓதி வைத்திருப்பவர் வேறு ஒருவர் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ரஜப் பிறை 5, சனி

சொகரா போனில் அழுததால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கைக்காகத்தான்.

மசூதின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்தான். முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பார்க்கிறான். வாயைத் திறந்தான்.

"சால்னா" என்றான்.

சொகரா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வேறு ஒரு சொல்லும் வரவில்லையாம். தண்ணீர் வேண்டும் என்றாலும் சால்னா, வலித்தாலும் சால்னா. காலையில் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து, சாகிறவர் வாயில் கடைசியாக வர வேண்டிய கலிமாவைக் காதோரம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இவன் சால்னா என்றிருக்கிறான். ஹஜ்ரத் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "துஆ செய்யுங்கம்மா" என்று கிளம்பிவிட்டார். அடுத்த கட்டில்காரர் போர்வைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாராம்.

பேச்சு நரம்பு அடிபட்டால் சிலருக்கு ஏதாவது ஒரு சொல் மட்டும் மிஞ்சும், எது மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நான் அங்கே சிரிக்கவில்லை. பஸ்ஸிலும் சிரிக்கவில்லை.

ரஜப் பிறை 6, ஞாயிறு

கஞ்சியில் உப்பு கூடிவிட்டது. சொகரா இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

ரஜப் பிறை 10, வியாழன்

டீக்கடையில் ஜமாஅத் செக்ரட்டரி சிந்தா மதார் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தைக்காவும் பிடிக்காது, திக்ரும் பிடிக்காது.

"என்ன உதுமான் காக்கா, ஒம்ம மச்சானுக்குக் கலிமா மறந்து போச்சாமே? சால்னா கேக்காராம்லா!"

பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

"முப்பது வருசமா விளக்க அணைச்சுப்போட்டு ஊரையே ஆட்டின மனுசன். உள்ள என்ன இருந்துச்சோ அதுதான வெளிய வரும்? பரோட்டாக் கடைய மூடினாரே தவிர, கடை அவர விட்டுப் போவல."

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. டீ தீர்ந்துவிட்டது. அவர் பேசி முடிக்கவில்லை என்பதால் இன்னொரு டீ சொன்னேன்.

இன்று தைக்காவில் திக்ரு நடக்கவில்லை. நடத்த ஆளில்லை. நடத்தத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஷெய்குக்கு இருபத்திரண்டு வருடம் பணிவிடை செய்தேன். அவர் உட்காரும் பாயைத் தட்டி விரித்தவன் நான். தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவுக்குத் தண்ணீர் சுமந்தவன் நான். கலீபாவாக ஆகிறவருக்குத் தரும் கடைசிப் பாடத்தை எனக்குத் தராமல் போய்விட்டார். தந்தது யாருக்கு என்று மேலே எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் நியாயம் அநியாயம் படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ரஜப் பிறை 13, ஞாயிறு

நேற்று மசூதை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லையாம். இரண்டு வாரமோ மூன்று வாரமோ.

சொகரா வாசல் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் அவன் சால்னா என்பதைக் கேட்டுவிட்டுப் போய் ஊரெல்லாம் சொல்கிறார்கள் என்று. கட்டிலோரத்தில் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி தாடியில் வழிந்தது.

"காக்கா, கலிமா வாயில வராமப் போனா என்ன ஆவும்?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியும். நாக்கு விழுந்துபோனவன்மீது அந்தக் கடமை இல்லை. நெஞ்சில் இருப்பதே போதும். கிதாபில் தெளிவாக இருக்கிறது, நானே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. கஞ்சியைப் பார்த்துக் கேட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்ககிட்ட ஓதி வச்ச எழுபதாயிரம் இருக்குலா காக்கா. அத அவ்வோ பேருல சேத்துருங்களேன்" என்றாள்.

"ஏளா, அது எழுநூறு நோன்பு."

"தெரியும். அந்த ஏழு வருசமும் ஒங்களுக்கு நோன்பு தொறக்கக் கஞ்சி யாரு குடுத்துவிட்டா? ரகுமத்து மச்சிக்கு முட்டுவலி. நாந்தான் காய்ச்சினேன். எடுத்துட்டு வந்து வாசல்ல வச்சது யாருன்னு நெனச்சீய?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். வாசலில் கேட்ட மசூதின் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். நான் முகம் பார்த்ததில்லை.

"முடியாது. புதுசா ஒண்ணு ஓதுதேன். கட்டிலோரத்துலயே உக்காந்து ஓதுதேன். மூணு வாரத்துல முடிச்சிருவேன்" என்றேன்.

"மூணு வாரம் அவ்வோ இருக்கணுமே" என்றாள்.

ரஜப் பிறை 14, திங்கள்

ஆரம்பித்தேன். பழைய ஓலைப் பெட்டியில் என்னுடைய ஆயிரம் புளியங்கொட்டை அப்படியே இருக்கிறது. தொட்டுத் தொட்டுக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இடப்பக்கம் ஒரு சட்டி, வலப்பக்கம் ஒரு சட்டி. கலிமா ஒன்றுக்கு ஒரு கொட்டை அங்கிருந்து இங்கே. ஒரு சட்டி காலியானால் ஆயிரம். கண்ணை மூடிக்கொண்டு ஓதினால்தான் எனக்குக் கவனம் நிற்கும். சட்டிகளைக் கட்டிலின் மேலேயே, மசூதின் இடுப்போரம் வைத்தேன். வேறு இடமில்லை.

இன்று 3,000.

ரஜப் பிறை 15, செவ்வாய்

இன்று 3,200. மொத்தம் 6,200. சொகராவின் கோழி வீட்டுக்குள் வந்து மூன்று கொட்டையைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போட்டது. எடுத்துக் கழுவினேன்.

ரஜப் பிறை 19, சனி

கண்ணைத் திறந்தால் மசூதின் வாய் அசைகிறது. கலிமாதானோ என்று குனிந்து பார்த்தேன். உள்ளே புளியங்கொட்டை. நல்ல கையான இடது கையால் எடுத்துப் போட்டிருக்கிறான். தொண்டைக்குள் போனால் முடிந்தது கதை. விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். கடித்துவிட்டான். ரத்தம் வந்தது.

"ஓதின கொட்டைதான. வயித்துக்குள்ள போனா நல்லதுதான?" என்று சொகரா சிரித்தாள். வாதம் அடித்ததிலிருந்து இன்றுதான் அவள் சிரித்துப் பார்க்கிறேன்.

"மூச்சு அடைச்சிருக்கும்ளா, கூறுகெட்டவளே."

"சால்னா" என்றான் மசூது.

மொத்தம் 18,500.

ரஜப் பிறை 24, வியாழன்

அலியார் வந்து மசூதைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைத்து, முதுகுப் புண்ணைத் துடைத்து மருந்து போட்டான். புண் எலும்பு தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டது. நாற்றம் தாங்கவில்லை. அவன் முகத்தைச் சுளிக்காமல் செய்தான்.

"மாமா, அப்பா சால்னாங்கதுல ஒரு ரகசியம் இருக்கு. எலும்பு, மல்லி, தேங்காய் எல்லாம் தன் பேரு போயி ஒண்ணா ஆவுதுல்லா. அதத்தான் சொல்லுதாவ."

"பதினஞ்சு வருசம் கல்லுக்கு முன்னால நின்னு கத்தின சத்தம் மூளையில ஒட்டிக் கெடக்கு. ரகசியமும் இல்ல, மயிரும் இல்ல" என்றேன்.

கட்டிலோரத்தில் இப்படிப் பேசியிருக்கக் கூடாது. கெட்ட வார்த்தையால் ஒளு முறியாது, ஆனாலும் போய் மறுபடி ஒளு செய்துவிட்டு வந்தேன்.

அலியார் போகும்போது கேட்டான். "ஷெய்கு ஒங்களுக்கு ஏன் பாடம் தரல மாமா? அப்பாகிட்ட எத்தனையோ தடவ கேட்டுட்டேன். 'அத அவருகிட்டயே கேளு'ன்னுதான் சொல்லுவாவ."

ஆட்டோவுக்கு நேரமாகிறது என்று அனுப்பிவிட்டேன். மேலே பிறை 10இல் எழுதியது முழுதும் சரியில்லை. ஷெய்கு தர மாட்டேன் என்று சொல்லவில்லை. "உதுமான், அந்தக் கொட்டையத் தூரக் கொட்டிட்டு வாரும். எண்ணாம ஓத உம்மால முடிஞ்சா அன்னைக்கே பாடம் தாரேன்" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார். இருபத்திரண்டு வருடம் அவர் சொன்ன எல்லாவற்றையும் செய்தவன், இதை மட்டும் செய்யவில்லை. எண்ணாமல் ஓதினால் நாளைக்கு மறுமையில் எதைக் காட்டுவது? இதில் என் தவறு என்ன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மொத்தம் 33,000.

ரஜப் பிறை 28, திங்கள்

நேற்று ஓதவில்லை. மாடிப்படி ஏறும்போது மூச்சு நின்று நின்று வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, படுத்திருக்கச் சொன்னார்கள். படுத்திருந்தால் கொட்டை தானாக நகராது. இன்று போய்விட்டேன். நான் போனதும் மசூது இடது கையால் கட்டிலைத் தட்டினான், இரண்டு தடவை. சட்டியை இங்கே வை என்று. கடையில் பரோட்டா மாவைத் தட்டுவது போலவே தட்டுகிறான்.

சொகரா சொன்னாள்: "நேத்து முழுசும் தட்டிக்கிட்டே கெடந்தாவ."

மொத்தம் 43,000.

ஷஃபான் பிறை 2, வெள்ளி

இன்று மொத்தம் எழுதப் போவதில்லை.

ஜும்ஆ முடிந்து வந்து உட்கார்ந்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் கண்ணை மூடியே ஓதினேன். இன்று முழங்கையில் ஈ உட்கார்ந்தது. விரட்டுவதற்காகக் கண்ணைத் திறந்தேன். மசூதின் கை வலப்பக்கச் சட்டிக்குள் இருந்தது. ஓதி முடித்த கொட்டையில் ஒரு பிடி அள்ளி, சத்தமே இல்லாமல் இடப்பக்கச் சட்டியில் போட்டான். பிறகு அங்கிருந்து ஒரு பிடி அள்ளி இங்கே போட்டான். முகத்தில் ஒரு சிரிப்பு. கோணிய வாயோடு சிரித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"என்னவே செய்யுதீரு?" என்று கத்திவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை இது.

அடுப்படியிலிருந்து சொகரா ஓடிவந்தாள்.

"இது எத்தன நாளா நடக்குது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மொத நாள்லருந்தே. நீங்க கண்ண மூடுன ஒடனே கைய விட்டுருவாவ. அங்கிட்டும் இங்கிட்டும் அள்ளிப் போடுவாவ."

"பாத்துக்கிட்டா இருந்த?"

"அப்பந்தான் காக்கா அவ்வோ சிரிச்சாவ. வேற எதுக்கும் சிரிக்கல. நான் எப்படிச் சொல்லுவேன்?"

நான் எழுதி வைத்த எண்ணெல்லாம் பொய். ஐம்பத்தோராயிரம் என்று நேற்று எழுதப் போனேன். அது எண்பதாயிரமாகவும் இருக்கலாம், இருபதாயிரமாகவும் இருக்கலாம். இனி அல்லாஹ் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஓலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மசூது கட்டிலை இரண்டு தடவை தட்டினான். "சால்னா" என்றான். மறுபடி தட்டினான். வந்துவிட்டேன்.

ஷஃபான் பிறை 3, சனி

போகவில்லை. போன் அடித்தது. எடுக்கவில்லை.

ஷஃபான் பிறை 4, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். அடியில் இவ்வளவு சேறு இருக்கும் என்று நினைக்கவில்லை.

அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. "மாமா, நான் அலியார். தொறங்க மாமா." நான் எழுந்திருக்கவில்லை. "மாமா, உள்ளதான் இருக்கீய. செருப்பு கெடக்கு." கொஞ்ச நேரம் நின்றான். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

அவன் போன பிறகு பழையது ஒன்று ஞாபகம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், இவ்வளவு எழுதியாயிற்று. ஷெய்கை அடக்கிய அன்று சாயங்காலம் நல்ல மழை. மசூது என் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஜுப்பாவை பாலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தான். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். "மச்சான், இது எனக்கு உள்ளதில்ல. நீரு ஒரு வார்த்த பேசும், இப்பமே தந்துட்டுப் போறேன்" என்றான். மழையில் அவன் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று ரகுமத்திடம் சொன்னேன். கேட்டது. ரகுமத்து கதவைத் திறக்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை நின்றான்.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளிவாசல் மைக்கில் அறிவித்தார்கள். பேரைச் சொன்னார்கள். வாய்க்கால் தெரு என்றார்கள். கபுர் அடக்கம் நாளை காலை பத்து மணிக்கு.

ஷஃபான் பிறை 5, திங்கள்

குளிப்பாட்ட நாலு பேர் நின்றோம். ஹஜ்ரத், அலியார், அலியாரின் தம்பி, நான். நான் தண்ணீர் ஊற்றினேன். முதுகுப் புண்ணில் ஊற்றும்போது கையைத் தாழ்த்தி மெதுவாக ஊற்றினேன். அவருக்கு வலிக்காது என்று தெரியும்.

இடது கை மூடியிருந்தது. விரலைப் பிரித்துக் கழுவ வேண்டும் என்று ஹஜ்ரத் சொன்னார். பிரித்தேன். உள்ளே ஒரு புளியங்கொட்டை. வெள்ளிக்கிழமை நான் பெட்டியில் அள்ளியபோது விட்டுப் போனது. நான் அதை ஜேபியில் போட்டுக்கொண்டேன்.

கபுருஸ்தானுக்கு முப்பது பேர்கூட வரவில்லை.

சொகரா என்னோடு பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது: "மூணு நாளா வாசலையே பாத்துக் கெடந்தாவ. கட்டிலத் தட்டித் தட்டி விரல் வீங்கிப் போச்சு." கடைசி நேரத்தில் ஹஜ்ரத் காதில் கலிமா சொன்னாராம். மசூது என்ன சொன்னார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

ஷஃபான் பிறை 7, புதன்

மூன்றாம் நாள் ஃபாத்திஹா. தைக்காவில் இருநூறு பேர் உட்கார்ந்த ஆளுக்கு, அவர் வீட்டு முற்றத்தில் பதினோரு பேர். அவர் பேரில் எழுபதாயிரம் ஓதிச் சேர்க்க, நடுவில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டைகளைக் குவித்திருந்தார்கள். அலியார் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருக்கிறான். "வாறோம்" என்று சொன்னவர்கள் வரவில்லை.

சிந்தா மதார் வந்திருந்தார். ஓத வரவில்லை. பார்க்க வந்தார். திரைத்துணிக்குப் பின்னால் பெண்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தே சத்தமாகப் பேசினார்.

"பதினோரு பேரு எழுபதாயிரம் எப்ப ஓதி முடிக்க? ஆளுக்கு ஆறாயிரத்துக்கு மேல வருது. சுபுஹு வரைக்கும் இருக்கப் போறீயளா? எப்படியும் நாக்குல வராத கலிமாவ நாம ஓதித்தான் சேக்கணும்போல."

ஹஜ்ரத், "மவுத்தானவங்கள விட்டுருங்க செக்ரட்டரி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

அலியார் என் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க கட்டிலோரத்துல ஓதினீயள்ளா. எவ்வளவு முடிஞ்சிருக்கு? மிச்சத்த நாங்க பிரிச்சுக்கிடுதோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். துணிக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

வரும்போது வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவை மட்டும் எனக்கென்று ஓதி வைத்த எழுபதாயிரத்திலிருந்து கொடுத்துவிடலாம், மீதியை வைத்துக்கொள்ளலாம் என்று. நியாயமான வழி. ஆனால் எவ்வளவு குறைகிறது? பத்தொன்பதாயிரம் என்று சொல்லியிருக்கலாம். இந்தப் பதினோரு பேரும் ஒரு மணி நேரத்தில் ஓதி முடித்திருப்பார்கள். யாருக்கும் தெரியாது. கலிமாவின் எண்ணிக்கையில் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. தெரியாது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் சிந்தா மதாருக்கு இன்னொரு டீக்குப் பேச்சு ஆகும். ஜேபியில் கை விட்டேன். அந்தக் கொட்டை இருந்தது. எவ்வளவு என்று தெரியாத இடத்தில் அளந்து கொடுக்க வழியில்லை. அந்த மனுசன் கையை விட்டு அளைந்து, எனக்கு வேறு வழியே வைக்காமல் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

"மிச்சமில்ல. எழுபதாயிரமும் முடிஞ்சிட்டு. ஹஜ்ரத், துஆ ஓதுங்க" என்றேன்.

"எப்பம் முடிஞ்சிது?" என்றார் சிந்தா மதார்.

"முடிஞ்சிட்டுன்னா முடிஞ்சிட்டு. ஒமக்கு எண்ணிக் காட்டணுமோ?"

பொய் இல்லை. யார் பேரில் ஓதிய எழுபதாயிரம் என்று அவர் கேட்கவில்லை.

ஹஜ்ரத் கை ஏந்தினார். நானும் ஏந்தினேன். யா அல்லாஹ், அந்த எழுநூறு நோன்பின் கலிமாவை மசூது மச்சான் பேரில் சேர்த்துவிடு என்று மனதுக்குள் சொன்னேன். சொல்லி முடித்ததும் லேசாக இருக்கும் என்று கிதாபுகளில் இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. வீட்டைப் பூட்டாமல் வந்துவிட்டது மாதிரி இருந்தது.

எல்லாரும் போன பிறகு உள்ளே போனேன். சொகரா வெள்ளைச் சேலையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"குடுத்துட்டீயளா?" என்றாள்.

"குடுத்துட்டேன்."

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை.

"ஏளா, நாக்கு விழுந்தவங்களுக்குக் கலிமாவச் சொல்லணும்னு கடமையில்ல. நெஞ்சுல இருந்தாப் போதும். கிதாபுல இருக்கு. மச்சானுக்கு ஒரு குறையும் இல்ல."

"இது ஒங்களுக்கு எப்பம் தெரியும்?"

"மொதல்லருந்தே தெரியும்."

"நான் இருபத்தஞ்சு நாளு தூங்கல காக்கா" என்றாள். எழுந்து உள்ளறைக்குப் போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

ஷஃபான் பிறை 8, வியாழன்

நெஞ்சில் காலையிலிருந்து பாரம். இதுவரை இப்படி வரும்போதெல்லாம் ஓலைப் பெட்டியை நினைத்துக்கொள்வேன். இன்று நினைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ரஜப் பிறை 3இல் பயமில்லை என்று எழுதியிருக்கிறேன். இப்போது பயமாக இருக்கிறது. அதையும் எழுதி வைக்கிறேன்.

அஸருக்குப் பிறகு சொகரா வீட்டுக்குப் போனேன். பெட்டியை அவள் வீடு வரை கொண்டு போகவில்லை. போகும் வழியில் கொட்டைகளை வாய்க்காலில் கொட்டிவிட்டேன். மசூது மச்சான் கையில் இருந்த ஒன்றும் அதோடு சேர்ந்து போய்விட்டதா, ஜேபியில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

கதவைத் தட்டினேன். ஸலாம் சொன்னேன். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. நான்தான் என்றேன். அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளதான் மாமா இருக்காவ" என்றாள்.

"தெரியும்மா" என்றேன்.

படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் வாய் சும்மா இருப்பதில்லை, கலிமா வந்தது. விரல் கொஞ்ச நேரம் கொட்டையைத் தேடியது, பிறகு விட்டுவிட்டது. தைக்காவில் அலியார் திக்ரு தொடங்கிவிட்டான். மைக்கில் கேட்டது. உச்சரிப்பு முழுதும் தவறு. மஃரிப் முடிந்தது, இஷாவுக்குப் பாங்கு சொன்னார்கள்.

அவள் திறக்கவில்லை. எங்கள் வாப்பாவின் பிள்ளை, திறக்க மாட்டாள். நாளைக்கும் போவேன்.